பிரெட்ரிக் கோட்டையை மாணவர்களுக்கு எப்படிக் காட்டலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "தரம் 10 மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் பயணமாகத் திருகோணமலைக்கு வருகிறோம். கோணேசர் கோயிலுக்குப் போவது நிச்சயம். போகிற வழியில்தான் பிரெட்ரிக் கோட்டை இருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் அதையும் காட்டிவிடலாமா? வழிகாட்டி யாரையும் பிடிக்க வேண்டுமா? உள்ளே பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது?"

ஒரு மணித்தியாலம் போதாது. கோயில் தரிசன நேரத்தைச் சேர்க்காமல் கோட்டைக்கு மட்டும் இரண்டரை மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். வழிகாட்டி கட்டாயமில்லை, நீங்கள் கொஞ்சம் ஆயத்தம் செய்துகொண்டு வந்தால் நீங்களே நல்ல வழிகாட்டி. காட்ட நிறைய இருக்கிறது. ஆனால் பஸ்ஸை நேரே உள்ளே விட்டுக் கோயிலடியில் இறக்கினால் ஒன்றும் தெரியாது. திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வருகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் போகிறார்கள். கோட்டை வாயிலை அரை நிமிடத்தில் கடந்து, மானைப் படம் எடுத்து, மலையேறி, அர்ச்சனை முடித்துத் திரும்புகிறார்கள். நானூறு வருடக் கதை சன்னலுக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் முதல் வேலையாகப் பிள்ளைகளைக் கோட்டைக்கு வெளியிலேயே இறக்குங்கள்.

வெளியே என்றால் டச் பே கடற்கரையில். வாயிலுக்குப் போவதற்கு முன் அந்த மணலில் நின்று மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடலுக்குள் நீண்டு போகும் ஒரு முனை, அதன் நுனியில் கோணமாமலை. இந்தப் பக்கம் டச் பே, அந்தப் பக்கம் பேக் பே. இரண்டு குடாவுக்கும் நடுவில், தரையோடு ஒட்டும் இடத்தில், ஒடுங்கிய ஒரு கழுத்து. ஒவ்வொருவரும் கொப்பியில் இதை ஒரு கோட்டுப் படமாக வரையட்டும். பிறகு கேளுங்கள்: "இந்த இடத்தைக் காக்கச் சொன்னால் நீங்கள் எங்கே மதில் கட்டுவீர்கள்?" பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளை சரியான விடையைச் சொல்லிவிடும். கழுத்தின் குறுக்கே ஒரு மதில் போட்டால் போதும், மிச்சத்தைப் பாறையும் கடலும் பார்த்துக்கொள்ளும். போர்த்துக்கேயர் செய்ததும் அதுதான், ஒல்லாந்தர் திருத்திக் கட்டியதும் அதுதான். கோட்டையின் முழு யோசனையும் அந்த மணலில் நின்றாலே விளங்கும். உள்ளே போன பிறகு மரமும் கட்டடமும் மறைத்துவிடும்.

அடுத்த கேள்வி, ஏன் இந்த ஊர்? இதற்குப் பாடப்புத்தகத்தில் "இயற்கைத் துறைமுகம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரை முழுவதிலும், சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் எங்கும், பெரிய போர்க்கப்பல்கள் ஒதுங்கி நிற்க ஒரு பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் போட்டுத்தான் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று கிளம்பினால் அந்தக் கரையில் கப்பலை வைத்திருக்க முடியாது. திருத்த வேலைக்கு ஆங்கிலேயக் கடற்படை இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. வங்காள விரிகுடாப் பக்கத்தில் எந்தப் பருவத்திலும் ஒரு முழுக் கப்பற்படை புகுந்து இருக்கக்கூடிய ஆழமான, மூடிய இடம் திருகோணமலை உட்துறைமுகம். இதை யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் மழைக்காலத்திலும் இந்தப் பக்கத்திலேயே நிற்கலாம். வைத்திருக்காதவர்கள் சில மாதம் கடலை விட்டுப் போக வேண்டும். ஐரோப்பாவில் நடந்த சண்டைகளுக்கெல்லாம் இங்கே வந்து கணக்குத் தீர்த்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தவறாமல் சொல்லுங்கள். அந்தப் பெருமைக்குரிய உட்துறைமுகம் பிரெட்ரிக் கோட்டையிலிருந்து காக்கப்படவில்லை. அதன் வாசலைப் பார்த்துக்கொண்டு தெற்கே வேறொரு மேட்டில் ஒஸ்டன்பேர்க் கோட்டை இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டை பார்ப்பது வெளிக்குடாக்களையும் ஊரையும். இரண்டும் சேர்ந்தால்தான் திருமலையின் காவல் முழுமை. ஒன்றைப் பிடித்தவன் மற்றதையும் பிடிக்காமல் விடவில்லை என்பதை வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

சரி, இப்போது நடந்து வாயிலுக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இந்த வளைவு வாயில். போக்குவரத்து உள்ள பாதை என்பதால் பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஓரமாக நிறுத்துங்கள்.

கதையை 1620இலிருந்து தொடங்கலாம். அந்த வருடம் ஓவே யெட்டே என்பவரின் தலைமையில் டேனிஷ் கப்பல்கள் இங்கே வந்து காலூன்றப் பார்த்தன. காரியம் சரிவரவில்லை. அவர்கள் அக்கரைக்குப் போய்த் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கித் தரங்கம்பாடியில் குடியேறினார்கள். ஆனால் இன்னொரு ஐரோப்பிய நாடு திருகோணமலையில் கண் வைத்துவிட்டது என்பது போர்த்துக்கேயரை உசுப்பிவிட்டது. அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இங்கே கோட்டை கட்ட முடிவெடுத்தார். கோணமாமலையில் அப்போது உச்சியிலும் இடையிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன. 1622இல் கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி ஊருக்குள் எழுந்தருளியிருந்த வேளையில் இது நடந்தது என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. இடித்த கல்லைக்கொண்டு 1624இல் முக்கோண வடிவில் கோட்டை எழும்பியது.

ஆகவே பிள்ளைகள் கைவைத்துப் பார்க்கும் மதில், பாடல் பெற்ற தலத்தின் கல்லையும் சேர்த்துக் கட்டியது. கோட்டையும் கோயிலும் இரண்டு தனித்தனிச் சுற்றுலா இடங்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கோயிலைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை, பழைய கோயிலின் ஒரு பங்கு வாயிலிலேயே இருக்கிறது.

அதற்குச் சாட்சி அங்கேயே நிற்கிறது. வாயில் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறார்கள். மீன் பாண்டியர் இலச்சினை என்பது தரம் 10 பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். குளக்கோட்டன் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தவனாக மரபு சொல்லும் அரசன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். நேராக நின்று பார்த்தால் எழுத்துப் பிடிபடாது. கைத்தொலைபேசி லைட்டைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடித்தால் வெட்டின் ஓரங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் செய்வது இதைத்தான். சுண்ணாம்பு பூசுவதோ சோக்குக்கட்டியால் தேய்ப்பதோ கூடவே கூடாது. கையால் தடவவும் விடாதீர்கள். ஏற்கெனவே நிறைய அழிந்துவிட்டது.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கு நல்ல ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம்மூரில் எல்லோருக்கும் அந்தப் பாட்டின் மிச்ச வரிகளும் மனப்பாடம்: பூனைக்கண், செங்கண், புகைக்கண் கொண்டவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஆள்வார்கள் என்று வரும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று விளக்கமும் சொல்வார்கள். கல்லில் வாசிக்கக் கிடைப்பதோ முதல் அடிகளும் அதன்பின் சிதைந்த சில சொற்களும்தான். கண்களைப் பற்றிய பகுதி வாய்மொழியாக வந்தது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கல்லில் இருப்பது எது, ஊர் நினைவில் இருப்பது எது என்று இரண்டு நிரலாக எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. கோயிலை இழந்த ஒரு சமூகம் அந்த இழப்பை முன்பே சொல்லப்பட்ட விதியாக நினைவில் வைத்துத் தாங்கியிருக்கிறது, அதுவும் வரலாறுதான். ஆனால் இரண்டும் ஒரே வகைச் சான்று இல்லை. பதினைந்து வயதில் இந்த வேறுபாடு விளங்கினால் பிறகு எந்த வரலாற்றுச் சண்டையிலும் அந்தப் பிள்ளை நிதானமாக நிற்கும்.

இன்னொரு கல்வெட்டையும் சொல்ல மறக்காதீர்கள். சக ஆண்டு 1145, அதாவது கி.பி. 1223இல் சோடகங்கன் என்ற அரசகுலத்தவன் இலங்கைக்கு வந்ததைச் சொல்லும் கிரந்த எழுத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு இந்தக் கோட்டைக் கற்களுக்குள்ளிருந்துதான் கிடைத்தது. குளக்கோட்டனும் இந்தச் சோடகங்கனும் ஒருவரே என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இடிக்கப்பட்ட கோயில் கல்லைக் கோட்டைக்குள் புதைத்தவர்கள், தங்களை அறியாமலே சில பக்கங்களைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டார்கள்.

வாயிலைத் தாண்டி உள்ளே ஒரு மரநிழலில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சண்டைக் கதையைச் சொல்லுங்கள். இந்தக் கோட்டையின் போர் வரலாற்றை "வீர வரலாறு" என்று அலங்கரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதன் உண்மையான கதை அதைவிடச் சுவாரசியமானது: 1639, 1782 சனவரி, 1782 ஆகஸ்ட், 1795 என்று நான்கு முறை முற்றுகை வந்தது, நான்கு முறையும் கோட்டை விழுந்தது.

1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் கூட்டுச் சேர்ந்தார்கள். அந்தோனியோ கான் என்ற ஒல்லாந்தத் தளபதி மே 1ஆம் திகதி கோட்டையைப் பிடித்தார். கட்டி முடித்துப் பதினைந்தே வருடம். பிறகு ஒல்லாந்தர் இதைக் கொஞ்சக் காலம் கவனிக்காமல் விட்டு, ஆங்கிலேயரும் பிரான்சியரும் இந்தக் கரையில் தலைகாட்டத் தொடங்கியபோது 1665இல் திரும்பக் கட்டினார்கள். 1672இல் பிரான்சிய அட்மிரல் டி லா ஹே தன் கப்பல்களோடு திருமலைக் குடாவுக்குள் வந்தபோது அவர்களின் பயம் நியாயமானது என்று தெரிந்தது. ஒல்லாந்தர் அவரை விரட்டிவிட்டார்கள்.

1782தான் இந்தக் கோட்டையின் பெரிய வருடம், இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அதில் ஒல்லாந்தும் பிரான்சும் பிரித்தானியாவுக்கு எதிர்ப்பக்கம். ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் 1781 நவம்பரில் ஒல்லாந்தரின் நாகப்பட்டினம் விழ உதவிவிட்டு, நேரே திருமலைக்கு வந்தார். சனவரி முதல் வாரத்தில் இந்தக் கோட்டை கைமாறியது. 11ஆம் திகதி ஒஸ்டன்பேர்க்கைத் தாக்கிப் பிடித்தார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை, பிரான்சிய அட்மிரல் சுஃப்ரென் வந்தார். ஆகஸ்ட் 26இல் படையை இறக்கினார், கரையில் பீரங்கி மேடை கட்டினார், 30ஆம் திகதி கோட்டை சரணடைந்தது, 31ஆம் திகதி ஒஸ்டன்பேர்க்கும். சரணடைந்தவர்களுக்கு சுஃப்ரென் தாராளமான நிபந்தனை கொடுத்து அவர்களைச் சென்னைக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார். ஏன் அவ்வளவு பெருந்தன்மை? ஹியூஸ் உதவிக்கு வந்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்குப் பெறுமதி. செப்டெம்பர் 2ஆம் திகதி ஹியூஸின் கப்பல்கள் திருமலைக்கு முன்னால் வந்து சேர்ந்தன. மறுநாள் காலை வெளிச்சத்தில் இரண்டு கோட்டைகளிலும் பிரான்சியக் கொடி. அன்றைக்கே வெளிக்கடலில் இரண்டு கப்பற்படைகளும் மோதின. திருகோணமலைப் போர் என்று கடற்படை வரலாற்றில் பெயர் பெற்ற சண்டை அது. வெற்றி தோல்வி தெளிவாகவில்லை, துறைமுகம் பிரான்சியரிடமே இருந்தது. அந்த மழைக்காலத்தில் ஹியூஸ் பம்பாய்க்குப் போய்த்தான் கப்பல்களைத் திருத்த வேண்டியிருந்தது. கடற்கரையில் நீங்கள் சொன்ன பருவக்காற்றுக் கதை பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சட்டென்று பொருந்தும். சமாதானம் வந்தபோது ஒல்லாந்தருக்குத் திருமலை திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் போய்விட்டது.

கடைசியாக 1795. பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்துக்குள் புகுந்துவிட்டது. அந்த நாட்டுத் தலைவர் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடி, ஒல்லாந்தரின் குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். திருமலைக் கோட்டைத் தளபதி அதை ஏற்கவில்லை. கேணல் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும் அட்மிரல் பீட்டர் ரெய்னியரும் கொண்டுவந்த படை கோட்டைக்கு வடக்கே கரையிறங்கியது. அலை மோசம், சாமான்களை இறக்கவே பல நாள் எடுத்தது. டயோமீட் என்ற போர்க்கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. பிறகு பீரங்கிகள் சுடத் தொடங்கிச் சில நாட்களில் மதில் உடைந்தது. ஆகஸ்ட் 26இல் கோட்டையும், 31இல் ஒஸ்டன்பேர்க்கும் விழுந்தன.

இப்போது பிள்ளைகளைக் கொப்பியில் வரைந்த படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 1782 ஆகஸ்டிலும் 1795இலும் எதிரி எங்கிருந்து வந்தான்? தூரத்தில் கரையிறங்கி, தரை வழியாக, கழுத்துப் பக்கத்திலிருந்து. செங்குத்துப் பாறைப் பக்கம் யாரும் ஏறவில்லை. கடலைப் பார்த்து மிகப் பலமாக இருந்த கோட்டைக்குத் தரைப்பக்கம் ஒற்றை மதில்தான் கதி. வெளியிலிருந்து உதவிக் கப்பல் வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான் அந்த மதில். உதவி நேரத்துக்கு வரவில்லையென்றால் முடிந்தது. மதிலை மட்டும் பார்த்து "எவ்வளவு பலமான கோட்டை" என்று வியக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. கடற்கோட்டை என்பது தன் கப்பற்படை இருக்கும்வரைதான் கோட்டை.

பெயர் விடயம் சுருக்கம். 1803இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் இரண்டாவது மகன், யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரை ஆங்கிலேயர் வைத்தார்கள்.

உள்ளே வெல்லெஸ்லி வீடு என்று ஒரு பழைய கட்டடம் காட்டுவார்கள். பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்து வெலிங்டன் கோமகன் ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, கேணலாக இருந்தபோது 1800இன் கடைசியில் இங்கே வந்தார். கடல்கடந்த ஒரு படையெடுப்புக்கு இங்கே படை திரட்டினார்கள். "திருமலையில் நோயில் படுத்ததால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் மூழ்கியது, உயிர் தப்பினார்" என்று கேட்டிருப்பீர்கள். கதையின் உடம்பு சரி, இடம்தான் மாறிவிட்டது. அவர் இங்கிருந்து பம்பாய்க்குப் போய், அங்கேதான் காய்ச்சலிலும் சொறியிலும் விழுந்தார். அவர் ஏறவேண்டியிருந்த சூசன்னா என்ற கப்பல் பிறகு மூழ்கியது. திருத்திச் சொன்னாலும் கதையின் ருசி குறையாது, அதனால் சரியாகவே சொல்லிவிடுங்கள்.

மான்களைப் பற்றிப் பிள்ளைகள் நீங்கள் வாய் திறக்கும் முன்பே கேட்டுவிடும். கோட்டைக்குள் புள்ளிமான் கூட்டம் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் திரிகிறது. தயவுசெய்து தீன் கொடுக்க விடாதீர்கள். பிஸ்கட், வடை, வாழைப்பழம் என்று வருகிறவர்கள் எல்லாம் நீட்டுகிறார்கள், உறையோடு சேர்த்துத் தின்கிற மான்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மதியச் சாப்பாட்டுப் பார்சலைக் கோட்டைக்குள் பிரிக்காமல் வெளியே கடற்கரையில் பிரியுங்கள். பொலித்தீனைத் திரும்ப பஸ்ஸுக்கே கொண்டுபோங்கள். பால்குடிக் குட்டியோடு நிற்கும் மானைச் சுற்றி நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

பிறகு மலைக்கு நடந்து ஏறுங்கள். வழியில் கோட்டை எல்லைக்குள்ளேயே கோகண்ண விகாரையும் இருக்கிறது. இந்த முனை பலருடைய வழிபாட்டிடம், அமைதியாகக் கடந்து போகப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். மேலே கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் கடைகளைக் கடக்க எப்படியும் நேரம் போகும், அதையும் கணக்கில் எடுங்கள்.

உச்சியில் பாறை விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு தூண். பழைய கோயில் தூண் என்றே கருதப்படுகிறது. அதில் ஒல்லாந்த மொழியில் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் உண்டு. காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போனதால் அவள் இந்தப் பாறையிலிருந்து குதித்தாள் என்ற கதையை யாராவது உங்களுக்குச் சொல்லியே தீருவார்கள். ஒல்லாந்தரின் ஆவணங்களின்படி அவள் அதற்குப் பின்னும் உயிரோடு இருந்து மணமுடித்திருக்கிறாள். எனக்கு அந்தக் காதல் கதையைவிட அந்தத் தூண்தான் பெரிதாகப் படுகிறது. கோயிலுக்கென்று செதுக்கிய தூணில் அந்நியர் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணின் பெயரை வெட்டி நிறுத்தியிருக்கிறார். அந்தக் காலத்து அதிகாரம் எப்படி இருந்தது என்று விளக்க வேறு படம் தேவையில்லை.

அங்கிருந்து கீழே பார்த்தால் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு, அதன் அடியில் கடல். பிள்ளைகளைக் கம்பி வேலிக்கு இப்பால் நிறுத்துங்கள். இடித்த கோயிலின் கற்களில் ஒரு பகுதி அந்தக் கடலுக்குள்தான் போனது. 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடியும் கூட்டாளிகளும் நீருக்கடியில் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்கள். அதற்குச் சில வருடம் முன்பு, 1950இல், கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட வெண்கலத் திருவுருவங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இடிபடப்போகிறது என்று தெரிந்து யாரோ அவசர அவசரமாகப் புதைத்து வைத்தவை. அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. முந்நூறு வருடத்துக்கு மேல் அவர்கள் காரியம் நிலைத்தது. இப்போதைய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. தரிசனத்துக்கு உள்ளே போகும்போது இதைச் சொல்லி அனுப்பினால் பிள்ளைகள் அந்தத் திருவுருவங்களை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டை ஓரிரு நிமிடத்தில் முடிக்கலாம். 1942இல் சிங்கப்பூர் விழுந்தபின் பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படைக்கு இலங்கைதான் ஒதுங்கிடம். ஏப்ரல் 9ஆம் திகதி சப்பானிய விமானங்கள் திருமலையைக் குண்டுவீசித் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. மதில் கட்டிக் காத்த காலம் முடிந்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் அந்தக் காலத்து மிச்சம், நேரமிருந்தால் பஸ்ஸில் போகும்போது திசையைக் காட்டிவிடுங்கள். கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் கையளித்தார்கள்.

நடைமுறைக்கு வருவோம். கோட்டை இன்றும் இராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் பாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, கட்டணம் கிடையாது. பாதையை விட்டு விலகிக் கட்டடங்களுக்குள் போகக்கூடாது. காவலரண், இராணுவக் கட்டடம், வாகனம் எதையும் படம் எடுக்கக்கூடாது. ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம். பாடசாலைக் கடிதத்தில் அதிபரின் ஒப்பமும் மாணவர் எண்ணிக்கையும் இருக்கட்டும். வாயிலில் காட்டி, கல்வெட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிக்கல் குறைவு. எங்கள் பிள்ளைகளில் சிலருக்குச் சீருடைக்காரரைக் கண்டாலே உடம்பு இறுகும், வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகள் அப்படி. பஸ்ஸிலேயே அதைப் பேசிவிடுங்கள், வாயிலில் வந்து பேச வேண்டாம்.

வைகாசியிலிருந்து ஆவணி வரை வந்தால் மழைத் தொல்லை இல்லை, வெயில்தான் எதிரி. விடியற்காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் வந்து சேர வெயில் ஏறிவிடும். முடிந்தால் முதல்நாள் இரவே வந்து தங்கி, காலை ஆறரை, ஏழுக்குக் கடற்கரையில் நில்லுங்கள். வெள்ளிக்கிழமையும் திருவிழா நாட்களும் கோயிலுக்கு நல்ல நாட்கள், கல்வெட்டுப் பார்க்கக் கெட்ட நாட்கள். ஒவ்வொருவரும் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுவரட்டும். மேலே கோயிலடியில் செருப்பைக் கழற்றிவிட்டால் சுடும் தரையில் நடக்க வேண்டிவரும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

வழிகாட்டி என்று கேட்டீர்கள். ஓட்டோக்காரர்கள் அன்பாகவே கதை சொல்வார்கள், ஊர்க்கதைக்கு அவர்களை விட்டால் ஆளில்லை. ஆண்டுகளுக்கு மட்டும் அவர்களை நம்பாதீர்கள். அதைவிட நல்ல வழி, உங்கள் வகுப்பிலேயே ஐந்து பேரைத் தெரிவு செய்து, கடற்கரை, வாயில், மரநிழல், தூண், பாறை என்று ஒவ்வோர் இடத்தையும் ஒருவர் பொறுப்பில் விடுவது. ஒரு கிழமைக்கு முன் படித்துக்கொண்டு வரட்டும். பிள்ளை சொல்லும்போது மற்றப் பிள்ளைகள் கேட்கும் கவனம் நாங்கள் சொன்னால் கிடைக்காது.

ஒஸ்டன்பேர்க்கையும் பார்க்க ஆசைப்பட்டால், அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அங்கேயே ஹூட்ஸ் டவர் என்ற கடற்படை அருங்காட்சியகமும் பழைய கரையோரப் பீரங்கிகளும் உண்டு. நினைத்தவுடன் உள்ளே போக முடியாது, பாடசாலைக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் மதியத்துக்கு முன் கோட்டை, மதியத்துக்குப் பின் ஒஸ்டன்பேர்க் என்று வையுங்கள். கிடைக்காவிட்டால் அந்த நேரத்தில் கண்டி வீதியால் தம்பலகாமம் போய்வாருங்கள். 1622க்குப் பிறகு கோணேசரை வைத்து வழிபட்ட ஆதி கோணநாயகர் கோயில் அங்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. மாலைப் பூசைக்கு நடை திறக்கும் நேரத்தைத் திருமலையிலேயே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.